அளவெடுத்து அச்சிட்ட இம்ப்ளாண்டும் உடையும்

முப்பரிமாண அச்சில் செய்த டைட்டானியம் இம்ப்ளாண்டைப் பற்றிப் பல் மருத்துவ உலகில் ஒரு வாதம் வேரூன்றிவிட்டது. அச்சிட்ட டைட்டானியத்தின் இழுவிசை வலிமை, கம்பியிலிருந்து கடைந்தெடுத்த டைட்டானியத்தைவிட அதிகம் என்று அது தொடங்குகிறது. ஒரே ஒரு நோயாளிக்காக ஒரே ஒரு முறை செய்யப்படும் பொருளை உடைத்துப் பார்த்துச் சோதிக்க வழியில்லை என்று தொடர்கிறது. அச்சிடும் உலோகத் தூளுக்கு ஒரு சான்றிதழும் கணினியில் போட்ட தகைவுக் கணக்கும் இருந்தால் வாயில் பொருத்திவிடலாம் என்று முடிகிறது. தொடக்கம் பாதி உண்மை. நடுப்பகுதி பிழை. முடிவு ஆபத்தானது, அந்த ஆபத்தைத் தாங்கப்போவது அதை வரைந்தவரோ அச்சிட்டவரோ அல்ல.

இந்தத் தொழில்நுட்பத்தின்மீது எனக்குப் பகை இல்லை, மதிப்புதான் இருக்கிறது. 2011-இல் நெதர்லாந்தில் 83 வயதுப் பெண் ஒருவருக்கு, தொற்றால் கெட்டுப்போன கீழ்த்தாடைக்குப் பதிலாக, பெல்ஜியத்தில் லேசரால் அச்சிட்ட டைட்டானியத் தாடையைப் பொருத்தினார்கள். அதன் எடை 107 கிராம். கருப்புப் பூஞ்சையால் முகவெலும்பை இழந்தவர்களுக்கு அச்சிட்ட இம்ப்ளாண்டுகளைச் செய்து தருவதாக 2023-இல் சென்னை ஐ.ஐ.டி. அறிவித்தது. பல்லெல்லாம் போய், தாடையெலும்பும் கரைந்து, திருகுவதற்கு இடமே இல்லாத முதியவர்களுக்கு எலும்பின்மேல் சட்டம்போல உட்காரும் இம்ப்ளாண்டை 1940-களிலேயே சுவீடனின் குஸ்தாவ் டால் செய்து பார்த்தார். ஈறைத் திறந்து, எலும்பின்மேல் அச்செடுத்து, உலோகத்தை வார்த்துச் செய்த அந்த முறை நாளடைவில் ஒதுக்கப்பட்டது. சி.டி. படத்திலிருந்து நேரடியாக அச்சிட முடிந்தபிறகு அது திரும்பி வந்திருக்கிறது. யாருக்காக வந்திருக்கிறது என்று பாருங்கள்: புற்றுநோய் அறுவைக்கு ஆளானவர்கள், பூஞ்சை தின்ற தாடையோடு இருப்பவர்கள், மிச்சமிருக்கும் மெல்லிய எலும்பை நம்பியிருப்பவர்கள். சாதாரண இம்ப்ளாண்ட் உடைந்தால் தோண்டியெடுத்துவிட்டு, எலும்பு ஆறியபின் இன்னொன்றைப் பொருத்தலாம். இவர்களுக்கு மறுபடி பொருத்த இன்னோர் எலும்பு கிடையாது. மிகுந்த கவனத்தோடு சோதிக்க வேண்டிய இடத்தில்தான் சோதனை வேண்டாம் என்ற வாதம் மிகுந்த செல்வாக்கோடு இருக்கிறது என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் அந்த வலிமைக் கணக்கு. இம்ப்ளாண்டுகளுக்குப் பயன்படும் கிரேடு 23 டைட்டானியக் கலவையில் 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் இருக்கும். காய்ச்சி அடித்துச் செய்த கம்பிக்கு ஏ.எஸ்.டி.எம். தரம் கேட்கும் குறைந்தபட்ச இழுவிசை வலிமை 860 மெகா பாஸ்கல். லேசரில் அச்சிட்டு அப்படியே எடுத்த துண்டை இழுத்துப் பார்த்தால் 1,100-ஐத் தாண்டுகிறது. எண் பொய்யில்லை. தூளின்மேல் லேசர் பட்ட புள்ளி உருகி, நொடியில் சிறு பங்கு நேரத்திற்குள் உறைந்துவிடுகிறது. அந்த வேகத்தில் உலோகத்தின் உள்கட்டமைப்பு ஊசி ஊசியான மார்ட்டென்சைட்டாக மாறிவிடுகிறது. மார்ட்டென்சைட் கடினமானது, இழுவையைத் தாங்கும். ஆனால் நெகிழ்ந்து கொடுக்கும் தன்மை அதற்குக் குறைவு. விற்பனைக் கையேட்டில் இதன் முதல் பாதிதான் அச்சாகிறது.

வாய்க்குள் இம்ப்ளாண்டை யாரும் ஒரே இழுப்பில் இழுத்து அறுப்பதில்லை. கடைவாயின் முழுக் கடிவிசை சில நூறு நியூட்டன். ஒரு முறை கடிப்பதை எந்த இம்ப்ளாண்டும் தாங்கும். உடைப்பது திரும்பத் திரும்ப வரும் சிறிய விசை. மெல்லுதலை ஆய்வாளர்கள் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்திலிருந்து பத்து லட்சம் சுழற்சிவரை கணக்கிடுகிறார்கள். ஒவ்வொரு சுழற்சியிலும் உலோகத்தில் எங்கோ ஒரு நுண்துளையின் விளிம்பில் விரிசல் கண்ணுக்குத் தெரியாத அளவு நகரும். அச்சிட்ட உலோகத்தில் அத்தகைய விளிம்புகளுக்குப் பஞ்சமில்லை. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையில் சரியாக உருகாமல் விட்டுப்போன தட்டையான இடைவெளிகள், வாயு சிக்கிய உருண்டைத் துளைகள், பரப்பில் பாதி உருகி ஒட்டிக்கொண்ட தூள்மணிகள், அவற்றுக்கு நடுவே பள்ளங்கள். இழுவைச் சோதனை இவற்றில் பலவற்றைக் கண்டுகொள்வதே இல்லை. விசையைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும் அயர்ச்சிச் சோதனை இவற்றைத்தான் தேடிப் பிடிக்கிறது. கடைந்து மெருகிட்ட கம்பி ஒரு கோடிச் சுழற்சிக்கு 500 அல்லது 600 மெகா பாஸ்கல் வரை தாங்கும்போது, அச்சுப் பரப்போடு அப்படியே விட்ட துண்டு அதில் பாதியையும் எட்டாமல் போவது இத்துறையில் பலமுறை அளந்து பார்த்த சங்கதி.

இதைவிடத் தெளிவான சான்று ஒன்று உண்டு. அச்சிட்ட டைட்டானியத்தின் ஆயுளை நீட்ட நம்பகமான வழிகளில் ஒன்று, அதை ஏறக்குறைய 920 டிகிரி செல்சியஸில், ஆர்கான் வாயுவில், ஆயிரம் வளிமண்டல அழுத்தத்தில் இரண்டு மணி நேரம் வைப்பது. ஹாட் ஐசோஸ்டேட்டிக் பிரஸ்ஸிங் என்பார்கள். உள்ளே மூடுண்டு கிடந்த துளைகள் நசுங்கி ஒட்டிக்கொள்கின்றன, ஊசிக் கட்டமைப்பு கலைகிறது, அயர்ச்சியைத் தாங்கும் திறன் உயர்கிறது. அதே வேளையில் இழுவிசை வலிமை இறங்குகிறது. எந்த எண்ணைக் காட்டி இம்ப்ளாண்டை விற்கிறார்களோ, அந்த எண் இம்ப்ளாண்ட் மேம்படும்போது குறைகிறது! நம்பகத்தன்மைக்கு எதிர்த்திசையில் நகரக்கூடிய ஓர் அளவை நம்பகத்தன்மைக்குச் சான்றாக எப்படி வைக்க முடியும்?

அந்த அழுத்த அறையும் எல்லாவற்றையும் தீர்ப்பதில்லை. பரப்புவரை திறந்திருக்கும் துளைக்குள் வாயுவும் புகுந்துவிடுவதால் அது மூடாது. பரப்பை மெருகிட்டால் சரியாகும். ஆனால் எலும்பு வந்து பற்றிக்கொள்வதற்காகவே பரப்பைக் கரடுமுரடாக விடுகிறார்கள். எலும்புக்குப் பிடித்த கரடுமுரடுதான் விரிசலுக்கும் பிடித்தது. அச்சிடும் முறையின் பெருமையாகச் சொல்லப்படும் துளைவலைக் கட்டமைப்பில் இந்த முரண் இன்னும் கூர்மையானது. டைட்டானியத்தின் விறைப்பைக் காட்டும் யங் குணகம் சுமார் 110 கிகா பாஸ்கல். தாடையின் புற எலும்புக்கு அதில் ஐந்திலோ பத்திலோ ஒரு பங்குதான். உலோகத்தைச் சல்லடையாக அச்சிட்டால் அதன் விறைப்பு எலும்புக்கு அருகே இறங்கும் என்பது சரி. 2008-லேயே இத்தாலிய ஆய்வாளர்கள் பல் இம்ப்ளாண்டுக்கு இதைச் செய்து காட்டினார்கள். ஆனால் 2013-இல் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் லேசரில் அச்சிட்ட துளைவலைகளை லட்சக்கணக்கான சுழற்சிகளுக்கு உட்படுத்தியபோது, அவை நிலையாக நெளியத் தொடங்கும் தகைவில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கில்தான் உடையாமல் நீடித்தன. விறைப்பைக் குறைத்துப் பெற்ற நன்மைக்கு எவ்வளவு ஆயுளைக் கொடுத்தோம் என்பதைச் சுழற்சி எண்ணிக்கை மட்டுமே சொல்லும்.

சோதிக்க முறை இல்லையா? இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 14801 என்ற தரம் 2003-இல் வந்தது. 2016-இல் அதன் மூன்றாம் பதிப்பு. அதன் அமைப்பு மிகவும் யோசித்துச் செய்தது. எலும்பு மூன்று மில்லிமீட்டர் இறங்கிவிட்டதாக வைத்து, அந்த அளவுக்கு இம்ப்ளாண்டை வெளியே நீட்டிப் பிடிக்கிறார்கள். இம்ப்ளாண்டின் அச்சுக்கு 30 டிகிரி சாய்வில் விசை கொடுக்கிறார்கள். பிடித்த மட்டத்துக்கும் விசை விழும் மையத்துக்கும் 11 மில்லிமீட்டர். முதலில் ஒரே அழுத்தாக அழுத்தி உடைக்கும் விசையைக் கண்டு, அதன் 80 விழுக்காட்டில் சுழற்சியைத் தொடங்கிப் படிப்படியாக இறக்கி, ஐம்பது லட்சம் சுழற்சிக்கு எந்த விசையில் மூன்று துண்டுகள் உடையாமல் நிற்கின்றன என்று பார்க்கிறார்கள். உப்பு நீரில், 37 டிகிரியில் செய்தால் நொடிக்கு இரண்டு சுழற்சிக்கு மேல் போகக் கூடாது. அப்போது இருபது லட்சம் போதும்.

அந்த மூன்று மில்லிமீட்டரும் 30 டிகிரியும் வெறும் சம்பிரதாயம் அல்ல. 400 நியூட்டன் விசை 30 டிகிரி சாய்வில் 11 மில்லிமீட்டர் தூரத்தில் விழுந்தால், பிடித்த இடத்தில் வளைக்கும் திருப்பம் 2.2 நியூட்டன் மீட்டர். எலும்பு இன்னும் மூன்று மில்லிமீட்டர் இறங்கினால் அது 2.8 ஆகும். வளைவு நான்கில் ஒரு பங்கு கூடியது; ஆயுள் நான்கில் ஒரு பங்கு குறையும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். உலோக அயர்ச்சியில் தகைவுக்கும் ஆயுளுக்கும் உள்ள உறவு மிகவும் செங்குத்தானது. இத்தகைய உயர்வு ஆயுளைப் பத்தில் ஒரு பங்காகக்கூடக் குறைத்துவிடும். எலும்பு குறைந்தவர்களுக்கென்றே செய்யும் பொருளில் இந்தக் கணக்கை விட்டுவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இங்கேதான் எதிர்த்தரப்பின் வலுவான வாதம் வருகிறது. ஐ.எஸ்.ஓ. 14801 ஒற்றைத் தண்டாக உள்ள, முன்கூட்டியே தயாரித்த உதிரிகளோடு சேரும் இம்ப்ளாண்டுக்குத்தான் எழுதப்பட்டது. வேர் வடிவில் அச்சிட்டதற்கோ எலும்பின்மேல் கிளைவிட்டுப் பரவும் சட்டத்துக்கோ அது பொருந்தாது என்கிறார்கள். உண்மைதான். வாய்க்குள் என்ன நடக்கும் என்று முன்னறிவிக்கத் தன்னைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்தத் தரமே தன் எல்லையைச் சொல்கிறது. ஆனால் ஒரு தரத்தின் எல்லை முடிகிற இடத்தில் இயற்பியல் முடிந்துவிடுவதில்லை. தரம் இல்லாத இடத்தில் தயாரிப்பாளரின் பொறுப்பு கூடத்தான் செய்யும். சட்டம் எந்தக் கிளையில், எந்தத் திருகுத் துளையின் ஓரத்தில் வளைகிறது என்று கண்டு, அதற்கேற்ற பிடிப்பானைச் செய்து, அதே சாய்வு விசையை அங்கே கொடுக்கலாம். இடுப்பு மூட்டுக்கும் முதுகெலும்புக்கும் இம்ப்ளாண்ட் செய்கிறவர்கள் இப்படிப் பிடிப்பான் செய்வதை அன்றாட வேலையாக வைத்திருக்கிறார்கள்.

ஒவ்வொன்றும் வேறு, எதை உடைத்துப் பார்ப்பது என்ற கேள்விக்கும் விடை உண்டு. தையல்காரர் ஒவ்வொரு சட்டையையும் ஆளுக்கேற்ற அளவில்தான் தைக்கிறார். ஆனால் நூலும் தையலும் இயந்திரமும் எல்லாச் சட்டைக்கும் ஒன்றுதான். அச்சிட்ட இம்ப்ளாண்டிலும் நோயாளிக்கு நோயாளி மாறுவது வடிவம். தூள், லேசரின் திறன், அடுக்கின் தடிமன், அச்சுத் தட்டில் படுக்கவைத்த திசை, அச்சுக்குப் பிந்தைய வெப்பச் சிகிச்சை, திருகுத் துளையின் சுவர் எல்லாம் மாறுவதில்லை. வடிவமும் எல்லையில்லாமல் மாறுவதில்லை: இதைவிட மெலிதாகக் கிளை போகாது, இதைவிட நீளமாக நீட்டாது, இதைவிடக் கூர்மையான மூலை வராது என்று எல்லைகள் உண்டு. அந்த எல்லைகள் எல்லாம் ஒருசேர மோசமாகும் ஒரு வடிவத்தை வரைந்து, அச்சிட்டு, உடைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2017 டிசம்பரில் வெளியிட்ட அச்சிட்ட மருத்துவக் கருவிகளுக்கான வழிகாட்டுதல், மிக மோசமான வடிவத்தைத் தேர்ந்தெடுத்துச் சோதிக்கும் இந்த முறையைத்தான் முன்வைக்கிறது. எல்லைகளே எழுதப்படவில்லை, நோயாளிக்கு எப்படித் தேவையோ அப்படி வரைகிறோம் என்று ஒரு தயாரிப்பாளர் சொன்னால், அவரிடம் சோதனையும் இல்லை, வடிவமைப்பும் இல்லை.

சோதனைத் துண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை கறாராகச் சொல்ல வேண்டும். இம்ப்ளாண்டோடு சேர்த்தே இரண்டு உருளைகளை அச்சிட்டு, கடைந்து மெருகிட்டு, இழுத்துப் பார்த்து அறிக்கை எழுதுவது வழக்கமாகி வருகிறது. ஆறு மில்லிமீட்டர் தடிமனுள்ள மெருகிட்ட உருளையில் நூறு மைக்ரான் துளை ஒரு புள்ளி. செயற்கைப் பல்லைத் தாங்கும் இணைப்பான அபட்மென்ட் உட்காரும் இடத்தில் அரை மில்லிமீட்டர் சுவர் உள்ள இம்ப்ளாண்டில் அதே துளை சுவரின் ஐந்தில் ஒரு பங்கு. அச்சுத் தட்டின் நடுவில் நல்ல உருகலோடு வந்த உருளை, மூலையில் அச்சான இம்ப்ளாண்டுக்காகப் பேச முடியாது. நிமிர்த்தி அச்சிட்டதில் அடுக்குகள் இழுவிசைக்குக் குறுக்கே கிடப்பதால், அவற்றுக்கிடையே விட்டுப்போன இடைவெளி விரிசலாகத் திறக்கும். படுக்கவைத்து அச்சிட்டதில் அதே இடைவெளி பெரும்பாலும் தீங்கில்லாமல் கிடக்கும். தூளை மறுபடி மறுபடி பயன்படுத்தும்போது அதில் ஆக்சிஜன் ஏறுகிறது. கிரேடு 23-க்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் 0.13 விழுக்காடுதான். ஆகவே துண்டு இம்ப்ளாண்டின் சுவர்த் தடிமனில், அதே திசையில், அதே கரடுமுரடான பரப்போடு இருக்க வேண்டும். அதை இழுத்துப் பார்க்காமல் சுழற்சி விசைக்கு உட்படுத்த வேண்டும்.

கணினித் தகைவுக் கணக்கு இவற்றுக்கு மாற்று என்று சொல்கிறவர்கள், அந்தக் கணக்குக்குள் என்ன ஊட்டுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் ஊட்டப்படுவது வரைபடத்தின் வழுவழுப்பான பரப்பு, எல்லாத் திசையிலும் ஒரே குணமுள்ள உலோகம், துளையே இல்லாத உள்ளுடல். அச்சு இயந்திரம் தருவது அதுவல்ல. கணக்கின் பயன் வேறு இடத்தில் இருக்கிறது: நூறு நோயாளிகளின் வடிவங்களில் எது மிகவும் மோசமானது என்று கண்டுபிடிக்க அதைவிட நல்ல கருவி இல்லை. கண்டுபிடித்த வடிவத்தை உடைத்துப் பார்த்து, கணக்கு சொன்ன இடத்தில் உடைந்ததா என்று ஒப்பிட்ட பிறகுதான் அந்தக் கணக்கை அடுத்த நோயாளிக்கு நம்பலாம். எக்ஸ்ரே டோமோகிராபி வைத்து ஒவ்வொன்றையும் உள்ளே பார்த்துவிடலாம் என்பதும் அரைகுறைத் தீர்வே. சின்ன இம்ப்ளாண்டில் நுண்துளைகள் தெரியும். முழுத் தாடைக்கான சட்டத்தைப் படமெடுக்கும்போது படப்புள்ளி பெரிதாகிவிடுவதால், அடுக்கிடையே கிடக்கும் காகிதம் போன்ற இடைவெளி தப்பிவிடும்.

மருத்துவர்கள் கடைசியாகச் சொல்வது, நாங்கள் பொருத்தியவை உடையவில்லையே என்பது. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் ஓராண்டு, மூன்றாண்டு முடிவுகளை வைத்து அயர்ச்சியைப் பற்றிப் பேசுவது, அயர்ச்சி வேலையைத் தொடங்கும் முன்பே தீர்ப்பு எழுதுவதாகும். 1965-இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் பிரோனமார்க் என்ற மருத்துவர் தம் முதல் நோயாளிக்குப் பொருத்திய டைட்டானிய இம்ப்ளாண்டுகள் அந்த நோயாளி 2006-இல் இறக்கும்வரை வாயில் இருந்தன. நோயாளிகள் மனத்தில் வைத்திருக்கும் காலம் அது, மூன்றாண்டு அல்ல.

பியார்க்-ஷைலி இதய வால்வின் கதை இதற்கு அருகில் நிற்கிறது. 1979 முதல் 1986 வரை விற்ற அதன் குழிகுவிவு வகை உலகெங்கும் சுமார் 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. வால்வின் தட்டைத் தாங்கிய மெல்லிய உலோகக் கம்பி, பற்றவைத்த இடத்தில் அயர்ந்து உடைந்தது. 600-க்கும் மேற்பட்ட வால்வுகள் உடைந்தன. அப்படி வால்வு உடைந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இறந்தார்கள். தட்டு மூடும்போது சில வேளைகளில் அளவுக்கு மீறிச் சுழன்று, கம்பியின் நுனியில் இடித்து, எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு தகைவைக் கொடுத்தது என்பது பிற்பாடுதான் அளந்து அறியப்பட்டது. பொருத்திய மருத்துவர் ஒவ்வொருவரிடமும் கேட்டிருந்தால், பெரும்பாலோர் தம் நோயாளிக்கு எதுவும் ஆகவில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். உடைந்த விகிதம் அவ்வளவு சிறியது. தனித்தனியே பார்த்த கண்களுக்குத் தெரியாதது, எல்லாவற்றையும் சேர்த்து எண்ணியபோதுதான் தெரிந்தது. பல் இம்ப்ளாண்ட் உடைந்து பொதுவாக யாரும் இறப்பதில்லை. ஆனால் ஒவ்வொன்றும் வேறு என்று சொல்லிச் சேர்த்து எண்ணவே மறுக்கும் துறைக்கு அந்தச் சிறிய விகிதம் என்றைக்கும் கண்ணில் படாது.

சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது என்ற வாதமும் நிற்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017/745 விதிமுறை தனிநபருக்காகச் செய்த கருவிக்கு சி.இ. முத்திரை வேண்டாம் என்கிறது. அதே விதிமுறையின் 13-ஆம் இணைப்பு, அந்தக் கருவி முதல் இணைப்பில் உள்ள பாதுகாப்பு, செயல்திறன் தேவைகளுக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளர் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்றும், வடிவமைப்பையும் எதிர்பார்க்கும் செயல்திறனையும் விளக்கும் ஆவணங்கள் வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. முத்திரையிலிருந்துதான் விலக்கு, வலிமையிலிருந்து அல்ல. அமெரிக்காவில் 2012-இல் வந்த சட்டத் திருத்தம் இன்னும் கண்டிப்பானது: தனிநபர்க் கருவி என்ற விலக்கு ஒரு வகைக்கு ஆண்டுக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது. அளவு மட்டும் மாற்றி, ஒரே முறையில் நூற்றுக்கணக்கில் அச்சிடுவதைத் தனிப்பொருள் என்று அந்தச் சட்டம் எழுதியவர்கள் கருதவில்லை.

இனி மிஞ்சுவது செலவும் தாமதமும். நோயாளி காத்திருக்க முடியாது, சோதனை சேர்ந்தால் விலை ஏறி ஏழைக்கு எட்டாமல் போய்விடும் என்று சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆகவே கணக்கையே பார்ப்போம். நொடிக்கு 15 சுழற்சியில் ஐம்பது லட்சம் சுழற்சிக்கு நான்கு நாள்கூட ஆவதில்லை. உப்பு நீரில் நொடிக்கு இரண்டு வீதம் இருபது லட்சத்துக்குப் பன்னிரண்டு நாள். பன்னிரண்டு துண்டுகளை ஒரே இயந்திரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தாலும், உலர்ந்த நிலையில் ஏழு வாரத்துக்குள் முடியும். மேல்விசையில் வைத்தவை சீக்கிரமே உடைந்துவிடுவதால் இன்னும் குறையும். இதை ஒவ்வொரு நோயாளிக்கும் செய்ய வேண்டியதில்லை. ஒரு தூள், ஓர் இயந்திரம், ஒரு வெப்பச் சிகிச்சை, ஒரு வடிவ எல்லை சேர்ந்த குடும்பத்துக்கு ஒரு முறை. அவற்றில் ஒன்று மாறினால் மறுபடி ஒரு முறை. அந்தச் செலவைப் பின்வரும் நோயாளிகள் அனைவரின்மேலும் பங்கிட்டால் ஒருவருக்குச் சேரும் தொகை சிறிது. உடைந்த சட்டத்தை வெட்டியெடுக்கும் ஓர் அறுவையின் செலவோடும் வலியோடும் அதை ஒப்பிடவே முடியாது. ஏழை நோயாளிக்கு அந்த இரண்டாவது அறுவைதான் எட்டாதது.

செலவே இல்லாத இன்னொன்றும் செய்யப்படாமல் கிடக்கிறது. உடைந்து வெளியே வரும் இம்ப்ளாண்டின் முறிவுப் பரப்பில், விரிசல் எங்கே தொடங்கி எத்திசையில் நகர்ந்தது என்பது கோடு கோடாகப் பதிந்திருக்கும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம் பொறியியல் கல்லூரிகளில் நிறையவே இருக்கிறார்கள். அறுவை அறையில் அந்தத் துண்டைத் தேய்த்துக் கழுவாமல், முறிந்த முகங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காமல், தனித்தனி உறையில் இட்டு, அச்சு எண்ணை மேலே எழுதித் தயாரிப்பாளருக்கும் ஒரு சோதனைக்கூடத்துக்கும் அனுப்ப வேண்டும். தன் இம்ப்ளாண்டைப் பொருத்தும் மருத்துவரிடம் இதற்கான உறையையும் முகவரியையும் முன்கூட்டியே கொடுத்திருக்கிறாரா என்று எந்தத் தயாரிப்பாளரையும் கேட்கலாம்.